சென்னைப் பொது மருத்துவமனையும் அதன் மருத்துவக் கல்லூரியும்

சென்னை சென்ட்ரல் புகைவண்டி நிலையத்தில் நாள்தோறும் விடியற்காலையில் வந்திறங்கும் பல்லாயிரவருள் ஒரு சாரார் ஊர் காண வந்தவரும் அல்லர். உறவு காண வந்தவரும் அல்லர். அவர் கையிலே ஒரு துணிப்பை இருக்கும். பையினுள்ளே பழைய மருந்துச் சீட்டுக்களும் நிழற்படச் சுருளும் இருக்கும். தோளிலே சாய்ந்தபடி நோயுற்ற ஒருவர் இருப்பர். நிலையத்தின் வாயிலில் நின்று, "பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது?" என்று அவர் வினவுவர். வினவப்பட்டவர் கையை நீட்டிச் சாலையின் மறுபுறத்தைக் காட்டுவர். அங்கே நிற்பதுதான் சென்னை அரசினர் பொது மருத்துவமனை. அதனோடு உடலும் உயிரும் போல இணைந்து நிற்பது சென்னை மருத்துவக் கல்லூரி.

புகைவண்டி நிலையத்திற்கு எதிரே மருத்துவமனை அமைந்தது என்று பலரும் எண்ணுவர். உண்மையோ அதற்கு மாறானது. சென்ட்ரல் நிலையம் எழுந்தது 1873-ஆம் ஆண்டில். மருத்துவமனையோ 1772-ஆம் ஆண்டிலேயே அவ்விடத்தில் நிலைபெற்று விட்டது. ஆகவே ஒரு நூற்றாண்டு கழித்து மருத்துவமனைக்கு எதிரே புகைவண்டி வந்து நின்றது என்பதே பொருந்தும்.

இவ்விரு நிலையங்களின் வரலாற்றையும், அவ்வரலாறு தமிழ் பயிலும் மாணவராகிய எமக்கு உணர்த்திய ஒரு கடமையையும் இக்கட்டுரையில் ஆராயப் புகுந்தோம். ஆராய்ச்சிக்கு ஒரு வரம்பு வேண்டுமன்றோ? அவ்வரம்பைத் திருவள்ளுவரிடமே யாம் பெற்றுக் கொண்டோம். பொருட்பாலில் 'மருந்து' என்னும் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தின் இறுதியில், மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணி செய்வோன் என்னும் நான்கு கூறுகளையுடையது என்று அப்பெரியார் வகுத்தருளினார். உரையாசிரியர் பரிமேலழகர் ஒவ்வொரு கூறுக்கும் நந்நான்கு இயல்புகளைக் கூட்டிப் பதினாறாக விரித்தார். அந்நான்கின் வழியே இம்மருத்துவமனையை நோக்குவோம்.

1. நோயாளி

முதற்கண் நோயாளி. இம்மருத்துவமனை தோன்றிய நாளில் தமிழ் நோயாளிக்கு அதனுள் இடமில்லை என்பது இன்று கேட்போர்க்கு வியப்பாகலாம். கி. பி. 1664-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் செயிண்ட் ஜார்ஜ் கோட்டையினுள் சர் எட்வர்டு விண்டர் என்னும் கோட்டைத் தலைவரின் முயற்சியால் இது தொடங்கப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைவீரர் புதிய நாட்டின் வெப்பத்தாலும் நீராலும் நோயுற்று வீழ்ந்தமையே அதற்குக் காரணம். எலிஹூ யேல் என்பார் ஆளுநராயிருந்தபோது, 1690-இல், கோட்டைக்குள்ளேயே அதற்கு வேறோர் இடம் கிடைத்தது. பின்னர்ப் பிரெஞ்சுக்காரரோடு நிகழ்ந்த போர்களின் விளைவாகக் கோட்டையை விட்டு வெளியேறி, இடம் மாறி மாறி அலைந்து, 1772-இல் இப்போதுள்ள இடத்தை அடைந்தது.

அதன் பின்னரும் எழுபது ஆண்டுகள் கழிந்தன. 1842-ஆம் ஆண்டிலேதான் இந்நாட்டு மக்களுக்கு இம்மருத்துவமனையின் கதவு திறக்கப்பட்டது. தோன்றிய நாளிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய நூற்றெழுபத்தெட்டு ஆண்டுகள்! வேற்று நாட்டு வீரனுக்காக எழுந்த மனை, தன்னைச் சூழ்ந்து வாழ்ந்த மக்களை அறிந்து கொள்ள அத்துணைக் காலம் வேண்டியிருந்தது.

நோயாளிக்குரிய நான்கு இயல்புகளுள் முதலாவதாகப் பரிமேலழகர் வைத்தது பொருளுடைமை. அவர் காலத்து மருத்துவத்திற்குப் பொருள் இன்றியமையாததாயிருந்தது போலும். இன்று இப்பெரிய ஆஸ்பத்திரியின் வாயிலில் வந்து நிற்போருள் பெரும்பாலார் அவ்வியல்பு ஒன்றும் இல்லாதவரே. பொருளில்லாதான் நோயாளியாகவும் ஆகமாட்டான் என்னும் நிலையை மாற்றியமையே அரசினர் மருத்துவமனைகளின் தலையாய சிறப்பு என்று யாம் கருதுகின்றோம். 2011-ஆம் ஆண்டில் இதற்கு இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை என்று பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் வழி கேட்கும் ஏழை மக்களின் நாவில் அது இன்றும் 'பெரிய ஆஸ்பத்திரி'யே, ஏனையோர்க்கு 'ஜி. எச்.' என்னும் ஈரெழுத்தே.

2. மருத்துவர்

இரண்டாவது கூறு மருத்துவர். மருத்துவர் தாமே முளைப்பதில்லை. அவரை உண்டாக்கும் கல்விக்கூடம் வேண்டும். 1827-ஆம் ஆண்டில் டாக்டர் மார்ட்டிமர் என்பார் மருத்துவமனையின் மேற்பார்வையாளராக அமர்ந்தார். அவர் தம் சொந்த முயற்சியாகச் சில மாணவர்க்கு மருத்துவம் கற்பித்து வந்தார். அம்முயற்சியே அரசினரின் ஆதரவு பெற்று, 1835-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 2-ஆம் நாள், ஆளுநர் சர் பிரெடரிக் ஆடம் காலத்தில் சென்னை மருத்துவப் பள்ளியாக மலர்ந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரி தோன்றியது அதே ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள். இரண்டிற்கும் இடையே ஐந்து நாட்களே வேறுபாடு. 1850-இல் பள்ளி 'கல்லூரி' என்னும் பெயர் பெற்றது. 1852-இல் முதல் மாணவர் குழுவினர் தேர்ந்து வெளிவந்தனர். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதனோடு இணைந்தது.

படுக்கையில் நோயாளியும் பலகையில் மாணவனும் ஒரே மதிலுக்குள் இருத்தல் இத்தகைய கல்லூரிகளின் உயிர்நிலை. நூலில் காலையில் கற்றதை மாலையில் வார்டிலே காண்டலும், வார்டிலே கண்டு ஐயுற்றதை மறுநாள் நூலிலே தேடலும் மருத்துவ மாணவன் கடமை. கற்றல், கேட்டல், கண்டல், செய்தல் என்னும் நான்கும் அங்கே ஒருங்கு நிகழ்கின்றன. இவ்விணைப்பு இல்லையாயின் மருத்துவக் கல்வி ஏட்டுச் சுரைக்காயாய் முடியும்.

நிற்க. இக்கல்லூரியின் வரலாற்றில் யாம் படித்து மகிழ்ந்த பகுதி பெண்டிர் அதனுள் நுழைந்த வரலாறு. மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில அம்மையார் 1866-இல் வழக்கறிஞராகிய தம் கணவருடன் சென்னைக்கு வந்தார். ஆண் மருத்துவரைக் காண ஒருப்படாத மகளிர் மகப்பேற்றின்போது துணையின்றி மாண்டு போவதைக் கேள்வியுற்று மனம் வருந்தினார். வருந்தியதோடு அமையாது, தாமே மருத்துவம் கற்கத் துணிந்தார். அப்போது மருத்துவத் துறைத் தலைவராயிருந்த டாக்டர் எட்வர்டு பால்பர் அம்முயற்சிக்கு ஆதரவளித்தார். 1875-ஆம் ஆண்டில் ஷார்லீப் அம்மையாரும் வேறு மூன்று மகளிரும் இக்கல்லூரியில் சேர்ந்தனர். இலண்டன் பல்கலைக்கழகம் தன் பட்டங்களைப் பெண்டிர்க்குத் திறந்தது 1878-ஆம் ஆண்டில். அதே ஆண்டில் சென்னையில் இவர் படிப்பையே முடித்து விட்டனர். பின்பு இலண்டனில் உயர் பட்டமும் பெற்று மீண்டு வந்த அம்மையார் 1885-இல் சென்னையில் மகளிர்க்கென்றே ஒரு மருத்துவமனை தோன்றக் காரணமாயினார். திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என இன்று வழங்குவது அதுவே.

அவர் திறந்த வழியிலே நடந்து அதனை அகலச் செய்தவர் நம் முத்துலட்சுமி அம்மையார். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த இவர், ஆடவர் மட்டுமே பயின்று வந்த அவ்வூர் மகாராஜா கல்லூரியில் இடம் வேண்டியபோது எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. மன்னர் அனுமதி அளித்தமையால் அங்கே பயின்று, 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியை அடைந்து, 1912-இல் தேர்ச்சி பெற்று வெளிவந்தார். 1927-இல் சென்னைச் சட்டசபையில் அங்கத்தினராகித் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை ஓர் அறமாக மாற்றி, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். அழுதுவிட்டு அடங்குவோர் பலர். அழுத கண்ணைத் துடைத்துக் கொண்டு அடிக்கல் நாட்டுவோர் சிலர். அம்மையார் அச்சிலருள் ஒருவர்.

மருத்துவமனையின் முன்புறத்தே ஒரு சிலை நிற்கின்றது. அஃது அறுவை மருத்துவத்தில் பெரும்புகழ் பெற்ற டாக்டர் ரங்காச்சாரியின் உருவம். 1882-இல் பிறந்து 1934-இல் மறைந்த அவர், சொந்தமாக ஓர் ஆகாய விமானம் வைத்திருந்தார் என்றால் அவர் புகழும் வருவாயும் எத்தகையன என்பது விளங்கும். அரசர்க்கும் தலைவர்க்கும் சிலை எடுக்கும் நாட்டில், கத்தி பிடித்து உயிர் காத்த கைக்கும் ஒரு சிலை எழுந்தமை நமக்குப் பெருமையே. மற்றொரு பெரியார் டாக்டர் ஏ. இலக்குமணசாமி முதலியார். இவர் இக்கல்லூரியின் தலைவராக அமர்ந்த முதல் இந்தியர். பின்னர் 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றினார்.

3. மருந்து

மூன்றாவது கூறு மருந்து. நோய் இன்னதென்று அறியாமுன் மருந்தைத் தேடுதல் இருட்டிலே ஊசி தேடுவது போலாம். ஆதலின் நோய்முதல் நாடிய ஒருவரையும், மருந்து நாடிய ஒருவரையும் ஈண்டுக் குறிப்போம்.

மண்ணீரல் பெருத்து, உடல் கறுத்து, நாட்பட்ட காய்ச்சலால் மனிதனை உருக்கிக் கொல்லும் நோய் ஒன்று உண்டு. 'காலா அசார்' என்பது அதன் பெயர். மலேரியாவின் ஒரு வகை அது என்று மருத்துவர் பலர் நெடுங்காலம் மயங்கியிருந்தனர். இக்கல்லூரியில் ஆசிரியராகவும் பொது மருத்துவமனையில் மருத்துவராகவும் விளங்கிய டாக்டர் சார்லஸ் டோனவன் 1903-ஆம் ஆண்டில் இறந்தோர் மண்ணீரலில் சில நுண்ணுயிர்களைக் கண்டார். இறந்தார் உடலில் கண்டது அழுகலின் விளைவு என்று பிறர் தள்ளிவிடக் கூடுமன்றோ? அதே ஆண்டு ஜூன் 17-ஆம் நாள், உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து எடுத்த குருதியிலும் அவற்றையே கண்டார். அதற்குச் சிறிது முன்னரே லீஷ்மன் என்னும் மற்றொரு மருத்துவர், வங்கத்தில் நோயுற்றுத் தாய்நாடு திரும்பி இறந்த ஒரு வீரனின் உடலில் தாம் கண்டதை வெளியிட்டிருந்தார். முதலில் கண்டவர் யார் என்னும் வழக்கு எழுந்தது. மலேரியா பரவும் முறையைக் கண்ட சர் ரொனால்டு ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து அவ்வுயிர்க்கு 'லீஷ்மேனியா டோனவானி' என்று பெயர் சூட்டினார். இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர் அப்பெயரை நெட்டுருச் செய்கின்றனர். அதன் பிற்பாதி சென்னையில் பிறந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

மருந்து நாடியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திர நாட்டில் 1895-இல் பிறந்து, இக்கல்லூரியில் பயின்றார். காந்தியடிகளின் அறைகூவலைக் கேட்டுக் கதராடை உடுத்து அறுவைக் கூடத்திற்குச் சென்றார். ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரின் சினத்திற்கு ஆளானார். எழுத்துத் தேர்வில் நன்கு தேறியும், எம். பி. பி. எஸ். என்னும் பட்டம் அவர்க்குக் கிட்டவில்லை. அதனிற் குறைந்த எல். எம். எஸ். என்னும் சான்றிதழே கிட்டியது. அரசினர் மருத்துவப் பணியில் இடம் கிடைக்கவில்லை. சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்து வந்து, 1923-இல் அமெரிக்கா சென்றார். அங்கே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பிஸ்கே என்பாருடன் கூடி, தசைகளின் ஆற்றலுக்கு அடிப்படையான பொருள்களை ஆராய்ந்து புகழ்பெற்றார். பின்னர் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவராகி, போலிக் அமிலத்தைச் செயற்கையாய் ஆக்கும் பணியையும், யானைக்கால் நோய்க்கு இன்றும் வழங்கப்படும் டையெத்தில்கார்பமசின் என்னும் மருந்தைக் காணும் பணியையும் நடத்தினார். புற்றுநோய்க்கு வழங்கும் மெத்தோட்ரெக்ஸேட்டும் அவருடைய ஆராய்ச்சிக் குழுவின் வழிவந்ததே. 1948-இல் அமெரிக்காவிலேயே காலமானார்.

ஒரு தேர்வின் முடிவு ஒருவனுடைய தகுதிக்கு முடிவாகாது என்பதற்குச் சுப்பாராவின் வாழ்க்கையினும் சிறந்த சான்று வேண்டா. தேர்வு முடிவுகளை எண்ணி உறக்கமிழக்கும் நம் கல்லூரி நண்பர்கள் இதனை உள்ளத்தில் பதித்துக் கொள்வார்களாக.

மருந்துக்குரிய இயல்புகளுள் எளிதிற் கிடைத்தல் என்பதும் ஒன்று என்று உரையாசிரியர் கூறுவர். எட்டாத மருந்து இல்லாத மருந்தே. 1994-இல் தமிழ்நாட்டு அரசினர் மருந்துகளை மொத்தமாய் வாங்கி எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் பகிர்ந்தளித்தற்குத் தனியே ஒரு கழகம் நிறுவினர். பெரிய ஆஸ்பத்திரியில் கிடைக்கும் மருந்து சிற்றூர் நிலையத்திலும் கிடைத்தற்கு அதுவே வழியாயிற்று.

4. பணி செய்வோர்

நான்காவது கூறு அருகிருந்து பணி செய்வோர். வரலாறு எழுதுவோர் இவரைப் பெரும்பாலும் மறந்து விடுவர். வள்ளுவர் மறந்திலர், மருத்துவனோடு இவரையும் சரிநிகராய் வைத்தெண்ணினார். இம்மருத்துவமனையில் 1871-ஆம் ஆண்டிலே செவிலியர்க்குப் பயிற்சி அளிக்கும் பள்ளி தொடங்கப்பட்டது. 1926-இல் சென்னை மாகாணத்தில் செவிலியரைப் பதிவு செய்யும் மன்றம் சட்டத்தால் அமைந்தது. பேராசிரியர் காலையில் ஒருமுறை வந்து நோக்கிச் செல்வர். இரவு இரண்டு மணிக்கு நோயாளி கண் விழித்து முனகும்போது அருகே வந்து நிற்பவர் செவிலியரே. வார்டைத் துடைப்போரும், தள்ளுவண்டி தள்ளுவோரும், சீட்டு எழுதுவோரும் இக்கூற்றின்பாற் படுவர்.

இன்னும் ஒரு சாரார் உளர். நோயாளியின் மனைவி, மகன், தமக்கை என வந்து, தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்து, வெந்நீர் வாங்கி வந்து, சீட்டைக் கையிற் பிடித்துக் கொண்டு அலையும் உறவினர் அவர். சம்பளமும் விடுமுறையும் இல்லாத இப்பணியாளர் இன்றேல் நம் நாட்டு மருத்துவமனைகள் ஒரு நாளும் நடைபெறமாட்டா. இப்பணியிற் குறைந்தவருள் யாமும் ஒருவரானமையால் இக்கட்டுரையை எழுத நேர்ந்தது. அதனை இனிக் கூறுவோம்.

5. நோய்நிலை உரைத்தல்

நோயாளிக்குரிய நான்கு இயல்புகளுள் ஒன்றை மேலே கூறாது விடுத்தோம். தன் நோயின் நிலையை மருத்துவனுக்கு உணர்த்த வல்லனாதல் என்பதே அது. இது கூறவும் வேண்டுமோ, நோயுற்றவன் வாய்திறந்து சொல்லானோ என்று முதலில் இவ்வுரையைப் படித்தபோது யாம் எண்ணினோம். பின்னரே அதன் அருமை தெரிந்தது.

எம் ஆச்சிக்கு நீரிழிவு நோய் உண்டு. இரண்டாண்டுகளுக்கு முன்பு, யாம் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது, ஒரு நகரத்து மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்றோம். அதன் பெயர் ஈண்டு வேண்டா. மருத்துவர் இளைஞர், அன்புடையவர், ஆயினும் வரிசையில் நிற்போர் பலர். "காலில் வலி உண்டா, பாட்டி?" என்று கேட்டார். "வலி ஒண்ணும் இல்லய்யா," என்றார் ஆச்சி. மருத்துவர் அவ்வாறே சீட்டில் எழுதினார். வேறு மருந்துகளை எழுதித் தந்து அனுப்பினார்.

ஆச்சி பொய் சொல்லவில்லை. அவர் கால் சில திங்களாகவே 'மதமத'வென்றிருந்தது. செருப்புக் கழன்று விழுந்தாலும் தெரியாத நிலை. இரவில் 'குடைச்சல்' இருந்தது. இவற்றை வீட்டில் நாள்தோறும் எம்மிடம் கூறியே வந்தார். ஆயினும் அவர் பேச்சில் மதமதப்பு வேறு, குடைச்சல் வேறு, வலி வேறு. வலி உண்டா என்ற வினாவிற்கு, இல்லை என்பதே அவரறிந்த உண்மையான விடை. அருகே நின்ற யாம் அவ்வேறுபாட்டை அறிவோம். எனினும் பெரியவர் பேசும்போது குறுக்கே பேசுதல் தகாது என்றும், மருத்துவர்க்குத் தெரியாததா என்றும் எண்ணி வாளா இருந்தோம். ஐந்து திங்கள் கழித்து, காலில் முள் தைத்ததை அறியாமலே நடந்து, புண் புரையோடி, ஆச்சியின் இரண்டு விரல்கள் எடுக்கப்பட்டன. உணர்வற்ற காலே நீரிழிவாளர்க்குப் பெரும்பகை என்றும், அதனை முன்னரே அறிந்திருந்தால் காலைக் காக்கும் முறைகளைக் கற்பித்திருக்கலாம் என்றும் பின்னர் வேறொரு மருத்துவர் எமக்கு விளக்கினார்.

அம்மருத்துவரைக் குறை கூற யாம் வரவில்லை. அவர் ஒரு சொல்லைக் கேட்டார். அதற்குரிய விடையைப் பெற்றார். குறை ஒன்று உண்டாயின் அது வாய்மூடி நின்ற எம்முடையதே.

இதன் பின்னரே தமிழில் நோவைக் குறிக்கும் சொற்களை எண்ணத் தொடங்கினோம். கடுப்பு, குத்து, குடைச்சல், உளைச்சல், எரிச்சல், கரிப்பு, பிடிப்பு, இசிவு, மரப்பு, மதமதப்பு, தெறிப்பு, கிறுகிறுப்பு எனச் சொற்கள் பெருகின. இவை ஒரு பொருட் பன்மொழிகள் அல்ல. வயிற்றுக் கடுப்பு என்பான் சீதபேதியைச் சொல்கிறான். கால் கடுப்பு என்பான் நடந்த களைப்பைச் சொல்கிறான். நெஞ்சு கரிக்கிறது என்பவள் சொல்வது பெரும்பாலும் இரைப்பையின் புளிப்பை; நெஞ்சைப் பிடிக்கிறது என்பவளை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் 'மேலுக்கு முடியவில்லை' என்றால் உடல்நலம் இல்லை என்பது பொருள். வேற்று மாவட்டத்தார் 'மேல்' என்பது உடம்பைக் குறிக்கும் என்பதை அறியாது திகைப்பர். 'வலி வந்துவிட்டது' என்று ஒரு கருவுற்றவளைப் பற்றிக் கூறின் அது மகப்பேற்று வலி; வேறொருவரைப் பற்றிக் கூறின் கைகால் வெட்டி இழுக்கும் நோயையும் குறிக்கும்.

கல்லூரியில் மருத்துவம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகின்றது. உலகத்து அறிவெல்லாம் அம்மொழி வழியே வருதலின் அதனை வெறுத்தல் அறிவுடைமையன்று. ஆனால் நோயாளி ஆங்கிலத்தில் நோகமாட்டான். அவன் தன் தாய் கற்பித்த சொல்லிலேயே நோவான். அச்சொல்லுக்கும் நூலிலுள்ள சொல்லுக்கும் இடையே ஒரு பாலம் வேண்டும்.

இப்பாலத்தைக் கட்ட முயன்ற ஒருவரைத் தமிழர் மறத்தலாகாது. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவப் பணி செய்தார். முதலில் ஆங்கிலத்திலேயே மாணவர்க்குக் கற்பித்தார். ஆங்கிலம் கற்றவர் நகரத்தையும் அரசுப் பணியையும் நாடிச் செல்ல, சிற்றூர்கள் முன்போலவே மருத்துவரின்றிக் கிடந்தன. அதனைக் கண்டு 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கலானார். அங்காதிபாதம், இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், கெமிஸ்தம் எனப் பல துறை நூல்களைத் தாமும் தம் மாணவருமாகத் தமிழில் ஆக்கினார். 1873-இல் தாய்நாடு திரும்பிய பின்னரும் 1884-இல் இறக்கும் வரை அப்பணியை விட்டாரில்லை. அவர் ஆக்கிய சொற்கள் சில வடமொழி மிகுந்தும் கடினமாகவும் இருத்தல் உண்மையே. ஆயினும் தமிழால் இயலாது என்று தமிழரே கூறிய காலத்தில், இயலும் என்று செய்து காட்டியவர் ஓர் அயல்நாட்டார் என்பது நமக்கு நாணமும் ஊக்கமும் ஒருங்கே தருவதாகும்.

முடிவுரை

மூன்றரை நூற்றாண்டுகளைக் கடந்த சென்னைப் பொது மருத்துவமனை படிப்படியாகத் தன் கதவுகளைத் திறந்து வந்துள்ளது. 1842-இல் இந்நாட்டார்க்குத் திறந்தது. 1875-இல் மகளிர்க்குக் கல்லூரி திறந்தது. நூறாண்டு கழிந்த செங்கட்டடங்களைத் தாண்டி, 2013-இல் பழைய மத்திய சிறை நின்ற நிலத்திலேயே கல்லூரிக்குப் புதிய மனை எழுந்தது. விலங்கு பூட்டிய இடத்தில் இன்று விரிவுரை நிகழ்கின்றது. ஆண்டுதோறும் இருநூற்றைம்பது மாணவர் அங்கே மருத்துவம் கற்கப் புகுகின்றனர். இன்னும் திறக்க வேண்டிய கதவு ஒன்று உண்டாயின் அது மொழியின் கதவே. அதனைத் திறக்கும் கடமை மருத்துவ மாணவர்க்கு மட்டும் உரியதன்று. தமிழ் மாணவர்க்கும் உரியது.

நண்பர்களே, சங்க நூல்களில் ஒரு சொல்லுக்குப் பொருள் காண இரவெல்லாம் விழித்திருக்கின்றோம். நம் ஊர்க் கிழவியின் வாயில் உயிரோடு வழங்கும் சொல்லை ஏன் கேளாது விடுகின்றோம்? வரும் கோடை விடுமுறையில் ஊர் செல்லும் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் நோயைக் குறிக்க வழங்கும் சொற்களை, யார் எப்பொருளில் வழங்குகின்றார் என்னும் குறிப்போடு எழுதி வருவார்களாயின், எம் வகுப்பினர் அவற்றை அகரவரிசைப்படுத்தத் துணையிருப்பர். அச்சிறு தொகுப்பை அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மாணவர் கையில் சேர்ப்பித்தால், அஃது ஏதேனும் ஒரு காலையேனும் காக்கும்.

எங்கள் தொகுப்பில் முதற் சொல்லை யாம் எழுதி விட்டோம். ஆச்சியை அருகில் இருத்தி, "மதமதப்பு என்றால் எப்படி இருக்கும், ஆச்சி?" என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் எண்ணி, "காலு இருக்கும், ஆனா என் காலா இருக்காது," என்றார். அதனை அவ்வாறே எழுதிக் கொண்டோம்.